வம்ச நாவல் எழுதமாட்டேன்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். புத்தகப் பிரியர். ஐந்நூறு பக்கத்துக்குக் குறைந்த நாவலைக் கையால் தொடமாட்டார். தாத்தா ஒருவர் வெறுங்கையோடு ஊரைவிட்டு ஓடவேண்டும், மகன் சம்பாதிக்கவேண்டும், பேரன் அனுபவிக்கவேண்டும், கொள்ளுப்பேரன் இடிந்த மாளிகையைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் அவருக்கு நாவல். மற்றதெல்லாம் நீண்டுபோன சிறுகதையாம்.

சென்ற மாதம் அவர் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "உங்களுக்கு ஒரு நாவல் கொண்டுவந்திருக்கிறேன். எழுதவேண்டியதுதான் பாக்கி" என்றார். பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, பிறகு ஷாங்காய், லண்டன் என்று சிதறிப்போன சஸூன் என்ற யூதக் குடும்பத்தின் சரித்திரம் அது. கூடவே தம் கையாலேயே ஒரு வம்சவிருட்சம் வரைந்து கொண்டுவந்திருந்தார். நாலு காகிதத்தை ஒட்டியிருந்தார். விரித்தால் என் மேஜை கொள்ளவில்லை, தரையில் விரித்தோம்.

எழுதமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குக் கோபம். உமக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். சரக்குத் தீர்ந்ததா இல்லையா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும். ஏன் எழுதமாட்டேன் என்பதை மட்டும் நான் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் அந்த நண்பர் ஒருவர் அல்ல. என் வாசகர்களில் பாதிப் பேர் அவர்தான்.

முதலில் கதையைச் சொல்கிறேன். சொல்வதற்கு ஆசைதான், அதை ஒளிப்பானேன்?

பாக்தாத்தில் துருக்கிய பாஷாக்களின் கஜானாவைப் பார்த்துக்கொண்டவர் ஷேக் சஸூன். அவ்வூர் யூதர்களுக்கு அவரே தலைவர். அவருடைய மகன் தாவீது 1792இல் பிறந்தார். தாவூத் பாஷா என்ற அதிகாரியின் காலத்தில் பணக்கார யூதர்களைப் பிடித்து அடைப்பதும், பணம் கறந்து விடுவதும் வழக்கமாயிற்று. மகனை இரவோடு இரவாகப் படகேற்றி அனுப்பினார்கள். அங்கியின் உட்புறத்தில் முத்துக்களை வைத்துத் தைத்துக்கொண்டு போனார் என்று ஒரு குடும்பக் கதை உண்டு. பாரசீகத் துறைமுகமான புஷேரில் கிழவர் மகனை வந்து சேர்ந்து, 1830இல் அங்கேயே கண்ணை மூடினார். 1832 வாக்கில் தாவீது பம்பாய்க்கு வந்தார்.

அப்புறம் நடந்தது வளர்ச்சி. இரண்டு மனைவியர் மூலம் எட்டு மகன்கள், ஆறு மகள்கள். மகன்களைச் சதுரங்கக் காய்கள் போல நகர்த்தினார். இரண்டாம் மகன் இலியாஸ் 1844இல் சீனத்துக்குப் போனார். வேறொரு மகன் 1858இல் லண்டனில் குடியேறினார். தாவீது 1853இல் பிரிட்டிஷ் பிரஜையானபோது ஹீப்ரு எழுத்தில்தான் கையெழுத்துப் போட்டார், ஆங்கிலம் எழுதவராது. கடைசிவரை தலைப்பாகையும் பாக்தாத் அங்கியும்தான். 1864இல் புனாவில் காலமானார். அங்கே தாம் கட்டுவித்த ஜெபாலயத்தின் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. செங்கல்லின் நிறத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் அதை லால் தேவல் என்கிறார்கள்.

பிள்ளைகள் காலத்தில் கம்பெனி இரண்டாகப் பிளந்தது. 1867இல் இலியாஸ் தனிக்கடை போட்டார். மூத்தவர் அப்துல்லா சீமைக்குப் போனார், ஆல்பர்ட் ஆனார், 1890இல் பாரோனெட் ஆனார். அவர் பேரன் பிலிப், தாய்வழியில் ராத்சைல்டு. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் உட்கார்ந்தார், விமான இலாகாவில் உதவி மந்திரியாக இருந்தார், ராஜகுமாரர்களுக்கு விருந்து வைத்தார், கல்யாணம் செய்துகொள்ளாமல் 1939இல் இறந்தார். அதோடு அந்தக் கிளையின் பட்டம் முடிந்தது. இலியாஸின் கிளையில் விக்டர் 1929இல் ஷாங்காயின் ஆற்றங்கரைச் சாலையில் கேதே ஹோட்டலைத் திறந்தார். பச்சைக் கூம்புக் கூரை போட்ட அந்தக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. 1949க்குப் பிறகு சீனத்துச் சொத்தெல்லாம் கைவிட்டுப் போய், 1961இல் பஹாமாஸ் தீவில் வாரிசில்லாமல் செத்துப்போனார். கம்பெனி என்று ஒன்று இன்றில்லை.

படிக்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! இதுதான் எனக்குப் பயம்.

என் நண்பர் வரைந்த விருட்சத்தை மறுபடியும் பார்த்தேன். கிளைக்குக் கிளை பிறந்த வருஷம், இறந்த வருஷம், பட்டம், மாளிகை எல்லாம் இருந்தன. ஒரு சொல் மட்டும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அபின் என்ற சொல் இல்லை.

"அது வியாபாரத்தில் ஒன்று, பருத்தியும் விற்றார்கள், நூலும் விற்றார்கள், மில்லும் வைத்தார்கள்" என்றார் நண்பர். உண்மைதான். ஆனால் அந்த மரம் எந்த நீரைக் குடித்து அவ்வளவு உயரம் வளர்ந்தது? 1842இல் நான்கிங் உடன்படிக்கையோடு சீனத்தின் துறைமுகங்கள் பீரங்கிமுனையில் திறந்தன. இரண்டே வருஷத்தில் இலியாஸ் அங்கே போய் இறங்கினார் என்றேனே, பட்டு வாங்க மட்டுமா போனார்? மாளவத்து அபின் பம்பாய் வழியாகத்தான் கப்பலேறும். சஸூன்கள் பயிர் நிலத்தில் நிற்கும்போதே முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பிடித்தார்கள். அதனால் மற்றவர்களைவிட மலிவாக வாங்கமுடிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஜார்டின் மாத்திசன் என்ற பெரிய ஸ்காட்லாந்துக் கம்பெனியே இவர்களுடன் போட்டி போட முடியாமல் அபினை விட்டு விலகிற்று. 1880ஐ ஒட்டிய காலத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பெட்டி அபின் போயிற்று. பெட்டி ஒன்று 60 கிலோவுக்கு மேல். பம்பாயில் சஸூன் துறையைக் கட்டி முடித்ததும் இதை ஒட்டித்தான், 1875இல்.

நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அதே செடியின் விதைதான். காயைக் கீறினால் வடிகிற பால் அபின். கீறியவர் ஒருவர், காய்ச்சியவர் ஒருவர், பெட்டியில் அடைத்தவர் ஒருவர், கப்பலேற்றியவர் ஒருவர், காண்டனில் ஒரு குழாயின் முனையில் அதை வைத்து உறிஞ்சியவர் ஒருவர். இவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் வம்சவிருட்சம் இருக்கிறது. உறிஞ்சியவனுக்கும் கொள்ளுப்பேரன் இருப்பானா இல்லையா? அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று எந்தத் தடித்த புத்தகம் தேடிப் போயிற்று?

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டுப் போகிறேன். இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, யூதன் புத்தி" என்று எவராவது தலையாட்டுவார்களானால், அவர்கள் என் வாசகர்கள் அல்ல. அபின் யூதர்களின் பாபம் என்பது வடிகட்டின பொய். ஜார்டினும் மாத்திசனும் நல்ல கிறிஸ்தவர்கள். பம்பாயின் கொடைவள்ளல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் பார்ஸி. கல்கத்தாவில் துவாரகாநாத் தாகூருக்கும் அதில் பங்குண்டு. அவர் பேரன் யாரென்று சொல்லவேண்டியதில்லை. எல்லாரையும்விடப் பெரிய அபின் வியாபாரி பிரிட்டிஷ் இந்திய சர்க்கார். பீகாரிலும் காசிப் பக்கத்திலும் குடியானவனுக்கு முன்பணம் என்ற கயிற்றைக் கட்டிப் பயிரிடச் செய்து, தானே காய்ச்சி, தானே ஏலம் போட்டது. ஒரு காலத்தில் சர்க்கார் வருமானத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு அபின் பணம். 1893இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1895இல் அது அறிக்கை தந்தது: அபினால் இந்தியாவில் பெரிய தீங்கொன்றும் இல்லை என்று. கமிஷன்கள் எந்தக் காலத்திலும் கமிஷன்களே.

"அப்படியானால் சரிதானே? எல்லாரும் செய்தார்கள். சட்டம் அனுமதித்தது. அன்றைய நியாயம் வேறு, இன்றைய நியாயம் வேறு" என்று நண்பர் இந்த இடத்தில் குதித்தார்.

சரி ஐயா. எல்லாரும் செய்ததால் அபின் அவர்களுடையது அல்ல, காலத்தினுடையது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் புனாவில் சஸூன் ஆஸ்பத்திரி யாருடையது? அதுவும் காலத்தினுடையதுதானே? பணக்காரர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பம்பாயில் நூல்நிலையம், சீர்திருத்தப்பள்ளி, ஜெபாலயங்கள், 1879இல் ஆல்பர்ட் கொடுத்த இளவரசர் சிலை, அந்தச் சிலையின் கறுப்புக் குதிரையால் ஒரு வட்டாரத்துக்கே காலா கோடா என்று பெயர், இவையெல்லாம் தாத்தாவின் தர்மம். அபின் மட்டும் காலத்தின் கோளாறு! இது என்ன கணக்கு? ஐந்தொகையில் வரவை மாத்திரம் காட்டி, செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் எந்தக் கணக்குப்பிள்ளையும் வேலையில் நிலைக்கமாட்டான். வம்சக் கதை எழுதுகிறவன் மட்டும் நிலைக்கிறான். பாராட்டு விழாவும் நடக்கிறது.

பெருமை வேண்டும் என்கிறவன் பழியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவேண்டும். பழி வேண்டாம் என்கிறவன் பெருமையைக் கீழே வைத்துவிட்டு நடக்கவேண்டும். இரண்டில் எதையும் நான் ஒப்புக்கொள்வேன். மூன்றாவது வழிக்குப் பேனாப் பிடிக்கமாட்டேன்.

குடும்பத்துக்கும் ஒரு நியாயம் செய்துவிடவேண்டும். ஓடிவந்தவனின் பிள்ளைகள் ஓடிவந்தவர்களை மறக்கவில்லை. பாக்தாத்திலிருந்து பிழைக்க வந்த பையன்களுக்குப் பம்பாயில் பள்ளிக்கூடம். படித்து முடித்தால் கம்பெனியில் வேலை. நோய் வந்தால் மருந்து. இறந்தால் புதைக்க இடம். பம்பாய், ரங்கூன், ஷாங்காய் என்று அந்தக் குமாஸ்தாக்கள் போன இடமெல்லாம் ஒரு சின்ன பாக்தாத் முளைத்தது. அவர்களில் ஹார்தூன் என்றொருவர் ஷாங்காயில் வாடகை வசூலித்துக்கொண்டிருந்து, பிறகு முதலாளிகளையே விஞ்சும் பணக்காரர் ஆனார். ஒரு கலப்பினப் பெண்ணை மணந்து, அநாதைக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1931இல் அவர் இறந்ததும் உயில் வழக்கு தொடங்கிற்று. (இதை ஒரு நாவலாக எழுதச் சொன்னால் யோசிப்பேன்.) 1930களின் கடைசியில் ஹிட்லருக்குத் தப்பி ஏறக்குறைய இருபதினாயிரம் யூதர்கள் ஷாங்காயில் வந்து இறங்கியபோது, விக்டர் சஸூன் தம் கட்டடத்தில் இடம் கொடுத்தார், பணமும் கொடுத்தார். சும்மா வந்த பணமா அது என்று அன்று இறங்கியவர்களில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நானும் அவர்கள் சார்பில் கேட்கவில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். நண்பரின் விருட்சத்தில் பெண்கள் இலைகள், கிளை இல்லை. இன்னாரை மணந்தாள் என்று எழுதி, அதோடு கோடு நின்றுவிடுகிறது.

பர்ஹா என்று ஒருத்தி. தாவீதின் மூத்த மகன் அப்துல்லாவின் மகள் வயிற்றுப் பேத்தி. அவளைக் கட்டிக்கொண்டவர் தாவீதின் மகன் சுலைமான். அதாவது தாவீது அவளுக்குக் கொள்ளுப்பாட்டனாருக்குத் தகப்பனார் இல்லை, பாட்டனாருக்குத் தகப்பனார், அதோடு மாமனாரும்கூட. கணவர் அவளுக்குச் சின்னத் தாத்தா முறை. மாமனைக் கட்டுகிற நம் ஊரே இதைக் கேட்டால் விரலை மடக்கி எண்ணும். 1894இல் சுலைமான் இறந்ததும் அவள் பம்பாய்க் காரியாலயத்தில் போய் உட்கார்ந்தாள். 1901இல் லண்டனுக்குப் போகும்வரை கம்பெனியை நடத்தினாள். ஹீப்ரு, அரபி, இன்னும் பல மொழிகள் தெரியும். 1924இல் லண்டனில் யூதப் பண்டிதர்களின் கல்லூரியில் வேதப் பிரசங்கம் செய்தாள். அபினும் அவள் கையெழுத்தில்தான் போயிற்று என்பதையும் எழுதவேண்டும். பெண் என்பதற்காக நான் கணக்கை மாற்றமாட்டேன்.

ரேச்சல் என்று இன்னொருத்தி. பம்பாயில் 1858இல் பிறந்து குழந்தையாகவே லண்டனுக்குப் போனவள். 1887இல் கிறிஸ்தவளாக ஞானஸ்நானம் பெற்று பிரெடெரிக் பீர் என்பவரை மணந்தாள். அவர்கள் பத்திரிகையான அப்ஸர்வருக்கு அவள் ஆசிரியை ஆனாள். பிறகு ஸண்டே டைம்ஸையும் வாங்கி அதையும் நடத்தினாள். பிரான்ஸில் டிரைபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைப் பொய்க் குற்றம் சாட்டித் தீவாந்தரம் அனுப்பினார்களே, அந்த வழக்கின் பொய்ப் பத்திரத்தை எழுதியவன் தானேதான் என்று எஸ்டர்ஹாஸி ஒப்புக்கொண்டதை 1898இல் வெளியிட்டது அவள் பத்திரிகை. மதம் மாறியவள் செய்த காரியம் இது. கணவர் இறந்தபின் துக்கத்தில் நிலைகுலைந்தாள். சித்தப்பிரமை என்று சட்டப்படி முத்திரை குத்தினார்கள். 1927வரை அப்படியே ஒரு வீட்டில் இருந்தாள். கணவரின் கல்லறை ஒரு ஊரில், அவள் கல்லறை வேறு ஊரில்.

அவளுடைய தம்பி ஆல்பிரெட் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்தபோது, தாய் அவனுக்கு இழவு காத்தாள் என்பார்கள். உயிரோடிருக்கிற மகனுக்கு! அந்த இழவு வீட்டுக்குப் பிறந்தவன்தான் முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகளிலிருந்து யுத்தத்தை எதிர்த்துக் கவிதை எழுதிய ஸீக்பிரிட் சஸூன். பெயர் வாக்னரின் இசை நாடகத்திலிருந்து, ரத்தம் பாக்தாத், 1957இல் கத்தோலிக்க மதம். ஒதுக்கப்பட்ட தம்பி மகனுக்கு ஒதுக்கப்பட்ட அத்தை பணம் விட்டுப் போனாள். அதைக்கொண்டு அவன் 1933இல் ஒரு பெரிய வீட்டை வாங்கினான். இன்றைக்கு உலகத்தில் சஸூன் என்றால் நாலு பேருக்குத் தெரிகிறது என்றால், முக்கால்வாசி இந்த வெட்டிப்போட்ட கிளையால்தான். குடும்பம் இழவு காத்த கிளை!

நண்பரின் படத்தில் ஆல்பிரெட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி. ரேச்சலுக்கு வருஷம்கூட இல்லை.

இன்னொன்றும் அந்தப் படத்தில் விட்டுப்போயிற்று. பாக்தாத்திலேயே தங்கிவிட்டவர்கள். ஓடியவர்களைப் பற்றித்தானே நாவல்? ஓடாதவர்கள் நூறு வருஷத்துக்குமேல் அங்கேயே கடை வைத்தார்கள், சங்கீதம் வாசித்தார்கள், வக்கீல் தொழில் பார்த்தார்கள். 1941 ஜூனில் கலகக்காரர்கள் யூதத் தெருக்களில் புகுந்து கொன்றார்கள். 1950, 51இல் குடியுரிமையைக் கைவிட்டுவிட்டு, ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேர் விமானமேறினார்கள். சொத்தை முடக்கிவிட்டார்கள். அங்கியில் தைத்துக்கொள்ள முத்து யாரிடம் இருந்தது?

தங்கிய கிளையில் பாக்தாத்தில் பிறந்த ஜோஸப் சஸூன் என்ற சரித்திர ஆசிரியர் 2022இல் இந்தக் குடும்பத்தின் வியாபாரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜெருசலேம் நூலகத்தில் கம்பெனிக் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பாக்தாத் யூதர்களின் அரபி, எழுத்து ஹீப்ரு. வேற்றார் படிக்கமுடியாதபடி வியாபார ரகசியத்தைக் காத்த அந்த எழுத்தை அவர் உட்கார்ந்து படித்தார். அபினை அவர் ஒளிக்கவில்லை. அதிகாரம், விலை, கப்பல், லாபம் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார். வாரிசு என்றால் எனக்கு இப்படி ஒருவர் போதும். என் நண்பர் கக்கத்தில் வைத்திருந்தது இந்தப் புத்தகம் அல்ல.

கடைசியாக ஒன்று. பர்ஹாவின் மகன் தாவீது, தாத்தாவின் பெயரைத் தாங்கியவர், பழைய ஹீப்ருச் சுவடிகளைச் சேர்ப்பதில் உயிரை விட்டவர். 1929இல் அவர் ஒரு ஹீப்ரு பைபிளை வாங்கினார். ஆயிரத்து நூறு வருஷத்துப் பழசு; ஏறக்குறைய முழுமையானது. அதில் பழைய சொந்தக்காரர்களின் குறிப்புகள் இருக்கின்றன. இன்றைய ஸிரியாவில் மாக்கிஸீன் என்று ஓர் ஊர். அவ்வூர் ஜெபாலயத்துக்கு அது உரியதாயிருந்தது. ஊர் அழிந்தபின் ஒருவரிடம் அதை ஒப்படைத்திருக்கிறார்கள். ஜெபாலயத்தைத் திரும்பக் கட்டினால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஜெபாலயம் கட்டப்படவில்லை. புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. சஸூன் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். 2023 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்குப் போய், டெல் அவீவ் நகரத்துக் காட்சிசாலைக்குச் சேர்ந்தது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கண்கள் விரிந்தன. "ஆஹா! நாவலின் கடைசி அத்தியாயம் இதுதான். ஏல மண்டபத்தில் முடிக்கலாம்" என்றார்.

"எந்த வரியில்? விலையிலா, திருப்பிக் கொடு என்று எழுதியிருக்கிறதே, அதிலா?" என்று கேட்டேன்.

அவர் தரையில் மண்டியிட்டு, நாலு காகிதத்தையும் ஒட்டின இடம் கிழியாமல் மடிக்கத் தொடங்கினார்.